மரம் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் தெருக்களில் மரங்கள் இருந்தும் பூச்சி தின்னும் பறவைகளில் சில வகைகளையே பார்க்கிறோம். இன்னும் மரங்கள் நட்டால் போதாதா?
– வாசகர், மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்

பதில்: போதாது. மரங்களின் எண்ணிக்கையைப் போலவே அவற்றின் அடுக்கமைப்பும் முக்கியம். இலையடிப் புழுவைப் பொறுக்கும் பறவை, பட்டையைக் குடையும் மரங்கொத்தி, கிளையில் காத்திருந்து பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் கரிச்சான் என ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தேவை. அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளில் ஐந்து வகைச் சிறு குருவிகள் ஒரே மரத்தின் வெவ்வேறு பகுதிகளில் இரை தேடுவதை 1958இல் ராபர்ட் மக்ஆர்தர் காட்டினார். இலங்கையின் சிங்கராஜ வனத்தில், இலைகளைத் துழாவும் தவிட்டுக்குருவிக் கூட்டம் கிளப்பும் பூச்சிகளைக் கரிச்சான் பிடித்துக்கொள்கிறது. அடர்ந்த இலையும் பாய்ந்து பறக்க இடைவெளியும் சேர்ந்திருப்பதால்தான் அது நடக்கிறது.

பூச்சி பெருகினால் பறவை தானே வரும் என்பார்கள். அது பாதி உண்மை. பொதுப் பூங்காக்களில் செயற்கைப் பூச்சிக்கொல்லிகளை பிரான்ஸ் 2017இல் தடை செய்தது நல்ல முடிவுதான். ஆனால் இரை இருந்தாலும், அதை எட்டிப் பிடிக்கக் கிளையும் எதிரியிடமிருந்து ஒளியப் புதரும் வேண்டும். பட்டாணிக்குருவி நகரத்தில் வாழ்கிறதே என்று கேட்கலாம். அது பலவிதமாக இரை தேடக்கூடியது. புதரையே நம்பிய பறவைக்கு அது இயலாது. ஆகவே, மரங்களின் கீழ் புதர்களை வளர்க்கவும், ஆபத்தில்லாத இடங்களில் பட்டமரங்களை விட்டுவைக்கவும் உங்கள் நகராட்சியிடம் கேளுங்கள்.