வண்டியை எழுப்பும் முன் ஒரு ரீடிங்

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறித் தருமபுரிக்கு வருபவர்களில் சிலர், "டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிடுச்சுண்ணா, கூலண்ட் வெப்ப சென்சாரை மாத்திடுங்க" என்று பட்டறை வாசலிலேயே முடிவோடு நிற்பார்கள். நான் உடனே மாற்றுவதில்லை. ஏற்றத்தில் முள் ஏறினால் முதலில் அதை நம்ப வேண்டும். ஓரங்கட்டி நிறுத்துங்கள், இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. ஆறியபின் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். கூலண்ட் குறைந்து சென்சார் முனை காற்றில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் கீழேயே நிற்கலாம். அப்போது சென்சார்மேல் குற்றமில்லை.

சென்சார் கெட்டதற்கு வேறு அறிகுறிகள் உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆக அடம், கறுப்புப் புகை, குறையும் மைலேஜ், குளிர்ந்த இன்ஜினிலேயே ஓடும் ஃபேன். எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு, இந்த சென்சார் தரும் வெப்ப அளவையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இன்ஜின் குளிர்ந்திருப்பதாக அது நம்பினால், தேவைக்கு மேல் விடும்.

எனக்கு மிகவும் கைகொடுத்த சோதனைக்குக் காசே ஆகாது. ஸ்கேனர் இருந்தால் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சுவிட்சை மட்டும் போட்டு, கூலண்ட் வெப்பத்தையும் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மார்கழிக் காலையில் காற்று 20 டிகிரி, கூலண்ட் 55 என்றால் சென்சாரையோ ஒயரையோ சந்தேகப்படலாம்.

மைனஸ் 40 காட்டினால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. இரண்டு பின் சென்சார் என்றால், கப்ளரைக் கழற்றி அதன் இரு முனைகளையும் சிறு ஒயரால் இணையுங்கள். ரீடிங் நூறைத் தாண்டி எகிறினால் ஒயர் நன்றாக இருக்கிறது, கோளாறு சென்சாரில். அசையவில்லையா? ஒயரையும் கப்ளர் பின்னில் பிடித்த பச்சைக் களிம்பையும் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரைச் சுடுநீரில் வைத்தே அளக்கலாம். பெரும்பாலானவை 20 டிகிரியில் இரண்டு, மூன்று கிலோ ஓம் காட்டும். 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கும்.

ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் கோடு வந்தால் சென்சாருக்கு முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அது திறந்தபடி சிக்கியிருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் முள் தானே கீழிறங்கும்.

நம் மாவட்டத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், சென்சார் முனையிலும் படியும். சென்சார் மாற்றியபின் வண்டிக்கு உரிய கூலண்டையே விட்டு, சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.