வலையில் தப்பிய மீன்

புக்கிட் பாஞ்சாங்

அன்புள்ள இளமாறனுக்கு,

வலையிலிருந்து நழுவிய மீன் பிழைத்த மீன்தானே, அதற்கு ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. மீனை எண்ணுவதையே வேலையாகக் கொண்டவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள்.

சால்மனை வைத்துச் சொல்கிறேன். நம் ஈரச்சந்தையில் கிடைக்கும் சால்மன் பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளில் கூண்டில் வளர்த்தது. நான் சொல்வது அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு வரும் சாக்கை சால்மனை. கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி, ஒரே முறை முட்டையிட்டுச் சாகும் இனம் அது. ஆற்றில் ஏறியபின் இரை எடுக்காது. எதிர்நீச்சல், முட்டையிடக் குழி பறித்தல், முட்டை முதிர்தல் எல்லாம் கடலில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான்.

ஆற்று முகத்தில் செவுள்வலை கட்டியிருப்பார்கள். கண்ணியில் தலை நுழையும், உடம்பு நுழையாது. பின்வாங்கினால் செவுள்மூடியில் நூல் மாட்டும். திமிறிக்கொண்டு போகிற மீனுக்குக் கழுத்தைச் சுற்றிக் கோடு விழும். அந்த இடத்தில் செதில் உரியும், கிருமியைத் தடுக்கும் வழுவழுப்பும் போய்விடும். தோல் கிழிந்த மீனுக்கு நன்னீரே பகை. உடம்பிலுள்ள உப்பு கசிந்து வெளியேறும், ஆற்று நீர் உள்ளே ஏறும். இதை ஈடுகட்டவே கையிருப்புக் கொழுப்பு கரையும். பிறகு காயத்தில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை படரும். செவுளும் நைந்திருந்தால் மூச்சுக்கே திண்டாட்டம்.

மாத்யூ பேக்கர், டேனியல் ஷிண்ட்லர் என்ற வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் இதைப் பற்றி எழுதினார்கள். முட்டையிடும் இடம்வரை வந்து சேர்ந்த சாக்கைகளிலேயே 11 முதல் 29 விழுக்காட்டு மீன்களுக்கு வலைக்காயம் இருந்தது. காயம்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதி, இனப்பெருக்கம் செய்யாமலே செத்தன. வழியிலேயே மடிந்தவை இதில் சேரவில்லை.

அங்கே ஆற்றங்கரையில் கோபுரம் கட்டி, மேலிருந்து பார்த்துக் கடந்துபோகும் மீன்களை எண்ணுகிறார்கள். இன்னும் பிடிக்கலாமா, நிறுத்தலாமா என்ற முடிவு அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆனால் கோபுரத்தில் நிற்பவருக்கு நல்ல மீனும் கழுத்தறுபட்ட மீனும் ஒன்றுதான். நூறு மீன் வந்து சேர்ந்து, அவற்றில் இருபதுக்குக் காயம் என்று வைத்துக்கொள். ஏறக்குறையப் பத்து, முட்டையிடாமலே போய்விடும். ஏட்டில் மட்டும் நூறு என்றே நிற்கும். பிடிபட்டது ஒரு கணக்கில் வரும், கடந்தது இன்னொரு கணக்கில் வரும். கடந்தும் வீணானது எதிலும் வராது. மீன்பிடித் தொழிலில் எனக்குக் குறையாகப் படுவது பிடிப்பதல்ல, இந்தக் கணக்குதான்.

இங்கே சிங்கப்பூரிலும் வலையால் இப்படி ஒரு சேதம் உண்டு. எங்கள் பேட்டையில் ஓடும் பாங் சுவா கால்வாய் கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அதற்கும் அப்பால், ஜொகூர் நீரிணை ஓரம், மண்டாய் சேற்றுநிலம். அங்கே குதிரைலாட நண்டுகள் வாழ்கின்றன (பெயர்தான் நண்டு, உறவெல்லாம் சிலந்தி வகையோடு). ஆண், பெண்ணின் முதுகைப் பற்றிக்கொள்ள, இரண்டும் சேர்ந்தே கரைக்கு முட்டையிட வரும். கைவிட்ட வலை குறுக்கே கிடந்தால் சோடியாகவே சிக்கலாம். காலும் வாலும் நூலில் சுற்றிக்கொள்ளும், கடல்நீர் வற்றியபின் வெயிலில் வாடும். நைலான் மக்காது, உரிமையாளர் மறந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வேறுபாடு உண்டு. சாக்கைக்கு ஒரே வாய்ப்பு. குதிரைலாட நண்டோ வளர்ந்து ஆளாகப் பல ஆண்டுகள் எடுத்தாலும், பிறகு மீண்டும் மீண்டும் முட்டையிடும். அதனால் ஒன்றை விடுவித்தால் பலன் நீளும். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் இந்தச் சேற்றில் இறங்கி, வலையில் சிக்கியவற்றை விடுவித்து, அளந்து, திரும்ப விட்டிருக்கிறார்கள்.

எந்தக் கரையிலாவது அப்படி ஒன்றைப் பார்த்தால் வாலைப் பிடித்துத் தூக்காதே, வலையோடு இழுக்கவும் செய்யாதே. பெரியவர் ஒருவரைக் கூப்பிடு. நூலைத்தான் வெட்ட வேண்டும், ஒரு துண்டுகூடக் காலில் மிஞ்சக் கூடாது. வலையை அங்கேயே போட்டுவிட்டு வராதே.

அன்புடன்,
மாமா