கடையைப் பற்றிக் குற்றச்சாட்டு வாட்ஸ்அப்பில் வந்தால்

பகிர்வதற்கு முன் கடைக்கே கோல் எடுத்துக் கேளுங்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி. மீனும் அரிசியும் துணியும் ஊர் மாறித்தான் வாங்குகிறோம், பல இடங்களில் கடனுக்கு. அந்த நம்பிக்கையை உடைக்க ஒரு வீடியோ போதும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில், சாப்பிட வந்தவர்கள் கறியில் கிடந்த மாவுக் கட்டியை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாக விளங்காத காசாளர் ஆமோதித்ததே ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னது அதற்குப் பிறகு. ஆகவே வீடியோவில் ஆள் ‘ஓம்’ என்றாலும், கேள்வி அவருக்கு விளங்கியதா என்று பாருங்கள்.

உண்மையென்றால் மற்றவர்களை எச்சரிக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் குழுவில் போட்டால் பழுதான சாமான் தட்டை விட்டு இறங்காது. பில்லோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். சாப்பாடென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. வதந்தியை அரசாங்கம் தடுக்கட்டுமே என்பவர்களுக்கு: 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களைத் தடுத்தது, இரண்டும் இழப்பு நடந்த பின். ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்களா? அழித்தால் மட்டும் போதாது, பார்த்தவர்கள் அனுப்பியிருப்பார்கள். அதே குழுவில் பிழையென்று எழுதிவிட்டு, கடைக்காரரிடமும் நேரில் சொல்லுங்கள்.