உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு தீவு ராஜ்யம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எதை வைத்துப் பழகுவது?" என்பதுதான். பயிற்சிப் புத்தகங்களில் மாணவர் மதிப்பெண் பட்டியலும் லீவ் லெட்டரும் இருக்கும். இரண்டு நாளில் அலுத்துவிடும். நான் சொல்வது வேறு. ஒரு கற்பனைத் தீவை உருவாக்குங்கள். அதற்கு ஒரு ராஜா, ஒரு துறைமுகம், வயல்கள், பஞ்சம் எல்லாம் வேண்டும். படம் வரையும் புரோகிராம், ஸ்ப்ரெட்ஷீட், தமிழ் டைப்பிங் மூன்றும் இந்த ஒரே வேலையில் கைக்கு வந்துவிடும்.

கற்பனை உலகத்தை மேப்பிலிருந்து தொடங்குவது பெரிய எழுத்தாளர்களின் வழக்கம். உர்சுலா லெ க்வின் தன் எர்த்ஸீ தீவுக்கூட்டத்தின் மேப்பை முதலில் வரைந்துவிட்டுத்தான் 1968ல் வெளிவந்த நாவலை எழுதினார். நாமும் அப்படியே செய்வோம்.

தேவையானவை இரண்டு இலவச புரோகிராம்கள்: படம் வரைய கிம்ப், கணக்குப் போட லிப்ரே ஆபீஸ். இரண்டையும் அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் காப்பிகளோடு வேண்டாத புரோகிராம்களும் ஒட்டிக்கொண்டு வரலாம். இன்ஸ்டால் செய்தபின், டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் 'தீவு' என்ற பெயரில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். இனி எல்லா பைல்களும் அங்கேதான்.

கிம்ப்பைத் திறந்து பைல் மெனுவில் நியூ கிளிக் செய்யுங்கள். அகலம் 2000, உயரம் 1500 பிக்சல் என்று கொடுங்கள். இப்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: ஒரு பிக்சல் என்பது 100 மீட்டர். அப்படியானால் உங்கள் திரையில் உள்ள கடல் 200 கிலோமீட்டர் அகலமும் 150 கிலோமீட்டர் உயரமும் கொண்டது. இந்த அளவுகோலை முடிவு செய்யாமல் வரைந்தால் கிடைப்பது வெறும் படம். முடிவு செய்துவிட்டு வரைந்தால் அது மேப்.

முதல் லேயரை நீல நிறத்தால் நிரப்புங்கள். லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஒன்றை அழித்தால் மற்றதற்கு எதுவும் ஆகாது. லேயர் மெனுவில் நியூ லேயர் கிளிக் செய்து, டிரான்ஸ்பரன்ட் ஆக ஒன்று எடுத்து, 'நிலம்' என்று பெயர் கொடுங்கள். பென்சில் டூலை எடுத்து (பெயிண்ட்பிரஷ் வேண்டாம், அதன் ஓரம் மங்கலாக இருக்கும், பிறகு பரப்பைக் கணக்கிடும்போது தொல்லை) கடற்கரையை வரையுங்கள். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடிய வேண்டும். பிறகு பக்கெட் பில் டூலால் உள்ளே பச்சை நிறத்தைக் கொட்டுங்கள். நிறம் கடலுக்குள் ஒழுகினால் கோட்டில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். கண்ட்ரோல் + இசட் தட்டிவிட்டு, இடைவெளியைத் தேடி அடையுங்கள்.

கரை நேர்க்கோடாக இருக்கக் கூடாது. பிரிட்டன் கடற்கரையின் நீளம் என்ன என்று 1967ல் மேண்டல்ப்ரோ என்ற கணித அறிஞர் கேட்டார். அளக்கும் கோல் சிறிதாகச் சிறிதாக கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும் என்று காட்டினார். அவ்வளவு வளைவு நெளிவு. எனவே கை நடுங்கினால் நடுங்கட்டும், கரை இயற்கையாகவே வரும். மவுஸ் இன்னும் பழகாதவர்களுக்கு இந்த ஒரு வேலையில் மட்டும் லாபம்!

அடுத்து 'மலை' என்று ஒரு லேயர், 'ஆறு' என்று ஒரு லேயர். வரிசை முக்கியம். மலையை வரையாமல் ஆற்றை வரையாதீர்கள். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். சிற்றாறுகள் சேர்ந்து பேராறாகும். ஒரே ஆறு நடுவழியில் இரண்டாகப் பிரிந்து இரு வேறு கடல்களுக்குப் போவது மிக அபூர்வம். கழிமுகத்தில் கிளை பிரிவது வேறு விஷயம். கற்பனை மேப்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை, கரையிலிருந்து கரை வரை தீவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும் ஆறுதான். அதன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரைந்தவர் யோசிக்கவே இல்லை.

காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்றும் ஓர் அம்புக்குறி போடுங்கள். ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். மறுபக்கம் வறண்டுவிடும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் வாயாலியாலி என்ற மலையுச்சி உள்ளது. அங்கே சராசரியாக வருடத்துக்கு 9,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே தீவின் மேற்குக் கரையோ வறண்ட பகுதி. தென்மேற்குப் பருவமழை கேரளாவில் கொட்டும்போது மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் மேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் இதே கதைதான். உங்கள் தீவில் ஈரமான பக்கத்தில் வயல்களும் காய்ந்த பக்கத்தில் ஆட்டு மந்தைகளும் தானாகவே வந்து அமரும். இரண்டு பக்கத்து ஜனங்களுக்கும் தண்ணீரால் சண்டை வருவதும் தானாகவே நடக்கும்.

இப்போது தீவின் பரப்பளவு. 'நிலம்' லேயரைக் கிளிக் செய்து, லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதில் ஆல்பா டு செலக்‌ஷன் தேர்வு செய்யுங்கள். நிலம் மட்டும் செலக்ட் ஆகும். பிறகு கலர்ஸ் மெனுவில் இன்போ, அதில் ஹிஸ்டோகிராம். தோன்றும் கட்டத்தில் பிக்சல்ஸ் என்று ஓர் எண் இருக்கும். நம் அளவுகோலில் ஒரு பிக்சலின் பரப்பு 0.01 சதுர கிலோமீட்டர். எனவே அந்த எண்ணை 100 ஆல் வகுத்தால் போதும். 6,40,000 பிக்சல் என்றால் 6,400 சதுர கிலோமீட்டர். தூரம் அளக்க மெஷர் டூல் இருக்கிறது. இரு ஊர்களுக்கு இடையே மவுஸை இழுத்தால் எத்தனை பிக்சல் என்று காட்டும். ஒருவர் ஒரு நாளில் 30 கிலோமீட்டர் நடப்பார் என்று வைத்தால் 300 பிக்சல் ஒரு நாள் நடை. ராஜாவின் தூதன் எப்போது வந்து சேருவான் என்பதை இனி நீங்கள் இஷ்டப்படி சொல்ல முடியாது.

மேப்பை பைல் மெனுவில் சேவ் கொடுத்துச் சேமியுங்கள். அப்போதுதான் லேயர்கள் தனித்தனியாக இருக்கும். மற்றவர்களுக்கு அனுப்ப எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து பிஎன்ஜி பைலாக மாற்றுங்கள்.

இனி லிப்ரே ஆபீஸ் கால்க். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஏ பத்தியில் விவரங்களையும் பி பத்தியில் எண்களையும் டைப் செய்யுங்கள். பி1ல் பரப்பு, 6400. பி2ல் பயிர் செய்யும் பங்கு, 0.2. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் மலை, காடு, மணல். பி3ல் =பி1*பி2*100 என்று கொடுத்தால் (செல் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே டைப் செய்ய வேண்டும்) விளைநிலம் ஹெக்டேரில் வரும்: 1,28,000. பி4ல் ஒரு ஹெக்டேர் தரும் அரிசி, 1000 கிலோ. பி5ல் ஓர் ஆளுக்கு வருடத்துக்குத் தேவையான அரிசி, 200 கிலோ. இந்த இரண்டும் நாம் வைத்துக்கொள்ளும் எண்கள், நீங்கள் மாற்றலாம். பி6ல் =பி3*பி4/பி5. எண்டர் தட்டினால் 6,40,000 என்று வரும். உங்கள் தீவு சோறு போடக்கூடிய மக்கள் தொகை இது. பி7ல் 0.1, அதாவது பத்தில் ஒருவர் வயலில் இறங்காதவர். பி8ல் =பி6*பி7. விடை 64,000.

என் அக்கா மகளுக்குப் பதினொரு வயது. அவள் நோட்டில் இருந்த ராஜாவுக்கு ஒரு லட்சம் போர்வீரர்கள். பி8ஐக் காட்டினேன். இந்த 64,000 பேரில் குழந்தைகள், கிழவர்கள், குயவர், கொல்லர், மாலுமி, அரண்மனை சமையல்காரர் எல்லாரும் அடக்கம். அவள் படையைக் குறைக்கத் தயாராக இல்லை. "அரிசி வெளியூரிலிருந்து கப்பலில் வரும் மாமா" என்றாள்.

இது சிறுபிள்ளைத்தனமான பதில் இல்லை. கடல் வணிகத்தையே நம்பி உயர்ந்த தீவு ராஜ்யம் உண்மையிலேயே இருந்தது. இன்று ஜப்பானின் ஒகினாவா மாகாணமாக இருக்கும் ரியூக்யூ, 1429ல் ஒரே ராஜ்யமானது. அதன் முக்கியத் தீவின் பரப்பு சுமார் 1,200 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதன் கப்பல்கள் சீனா, கொரியா, சயாம், மலாக்கா வரை போய்வந்தன. தென்கிழக்கு ஆசியாவின் மிளகையும் சாயமரத்தையும் வடக்கே கொண்டுபோய், சீனப் பீங்கானைத் தெற்கே விற்றன. 1609ல் ஜப்பானின் சத்சுமா படை வந்தது. ராஜ்யம் பெயருக்குத் தொடர்ந்தது. 1879ல் அதுவும் முடிந்தது. இடையில் 1771ல் வந்த சுனாமியில் அதன் தென்பகுதித் தீவுகளில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். கற்பனைத் தீவு படைப்பவர்கள் எந்தப் புராணத்தையும் புரட்டுவதற்கு முன்னால் இந்த ராஜ்யத்தைப் பற்றிப் படிக்கலாம் என்பது என் கருத்து.

இப்போது பி4ல் 1000 என்பதை 500 ஆக்குங்கள். மழை பொய்த்த வருடம். பி6 ஒரே நொடியில் 3,20,000 ஆகிவிடும். அக்கா மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீதிப் பேர்?" என்று கேட்டாள். ஸ்ப்ரெட்ஷீட்டில் அதற்கு செல் இல்லை. கப்பலில் கொண்டுவரலாம் என்றால் 64,000 டன் அரிசி வேண்டும். ஒரு கப்பல் 100 டன் ஏற்றும் என்று வைத்தால் 640 நடை. காற்று சாதகமாக வீசும் சில மாதங்களுக்குள் இது ஆகிற காரியமில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

அடுத்து தானியக் களஞ்சியம் கட்டினாள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ராஜா எடுத்து வைக்கிறார். பி4ல் 900 என்று கொடுத்தால் இதன் விலை தெரியும். நல்ல வருடத்திலேயே 5,76,000 பேருக்குத்தான் சோறு. வருடத்துக்கு 12,800 டன் களஞ்சியத்துக்குப் போகிறது. இத்தனை பேருக்குப் பாதி விளைச்சல் வருடத்தில் குறைவது 51,200 டன். நான்கு நல்ல வருடங்கள் சேமித்தால் ஒரு கெட்ட வருடத்தைத் தாண்டலாம். மூன்றாம் வருடமே மழை பொய்த்தால்? அவள் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். யாருக்குக் களஞ்சியத்தைத் திறப்பது, படைக்கா, காய்ந்த பக்கத்து ஆட்டுக்காரர்களுக்கா என்று அவளுடைய ராணி இன்னும் முடிவு செய்யவில்லை.

இரண்டாவது ஷீட்டில் வரலாறு எழுதுங்கள். ஏ பத்தியில் பிறந்த வருடம், பி பத்தியில் பட்டமேறிய வருடம், சி பத்தியில் =பி2-ஏ2. மைனஸில் விடை வந்தால் உங்கள் இளவரசர் பிறப்பதற்கு முன்பே முடிசூடியிருக்கிறார்.

ஊர்ப்பெயர்களை ஆங்கில விளையாட்டுகளிலிருந்து கடன் வாங்க வேண்டாம். நம் ஊர்ப்பெயர்களே வழி காட்டும். பட்டினம் என்றால் துறைமுகம், குறிச்சி என்றால் மலையூர். உங்கள் தீவின் மொழியிலும் துறைக்கு ஒரு சொல், மேட்டுக்கு ஒரு சொல், தண்ணீருக்கு ஒரு சொல் முடிவு செய்துவிட்டால் ஐம்பது பெயர்கள் தயார். மேப்பில் பெயர்களை யுனிகோட் தமிழிலேயே டைப் செய்யுங்கள். விண்டோஸிலேயே தமிழ் போனெடிக் கீபோர்டு இருக்கிறது. 'அம்மா' என்று ஒலிப்படி ஆங்கில எழுத்துகளில் அடித்தால் தமிழில் வரும். பழைய பாமினி போன்ற பாண்டுகளில் டைப் செய்த பைலை, அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும்.

அஸ்கார் என்ற புனைபெயர் கொண்டவர் எழுதிய பேன்டஸி மேப் ஜெனரேட்டர் பிரவுசரிலேயே இலவசமாக இயங்குகிறது. ஒரு கிளிக்கில் நாடு, நகரம், ஆறு எல்லாம் வந்துவிடும். அருமையான புரோகிராம். ஆனால் முதல் தீவைக் கையால் வரைந்த பிறகு அங்கே போங்கள்.

கடைசி வேலை பேக்கப். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881ல் ஸ்காட்லாந்தில் ஒரு மழைக்கால விடுமுறையில் வண்ணமேப் ஒன்றை வரைந்தார். அந்த மேப்பிலிருந்து பிறந்ததுதான் 'டிரஷர் ஐலண்ட்'. 1883ல் அது புத்தகமாக வரும் சமயத்தில் மூல மேப்பைப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அது போய்ச் சேரவே இல்லை. வேறு பிரதி கிடையாது. கதையை வரிவரியாகப் படித்து, எங்கெங்கே என்னென்ன தூரம், என்னென்ன இடம் என்று குறித்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்தும்படி இன்னொரு மேப்பை வரைய வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது மேப் தனக்கு டிரஷர் ஐலண்டாகவே தோன்றவில்லை என்று பின்னாளில் எழுதினார்.

'தீவு' போல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி கொடுங்கள். பென் டிரைவைத் திறந்து பேஸ்ட் கொடுங்கள். பென் டிரைவைச் செருகியபடியே வைத்திருக்காமல், எஜெக்ட் கொடுத்து எடுத்து வேறிடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிரைவுக்கும் அது பரவும். இரண்டாவது காப்பியை உங்கள் மெயில் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் கிளவுட் டிரைவில் ஏற்றுங்கள். மூன்றாவது காப்பி பேப்பரில். 2000 பிக்சல் அகலம் ஏ4 தாளில் படுக்கைவசமாகத் தெளிவாகவே பிரிண்ட் ஆகும்.