புரதம் காட்டிக் கொடுத்த எலும்பு

ரஷ்யாவின் சைபீரியப் பகுதியில், அல்தாய் மலைத்தொடரில் டெனிசோவா என்னும் குகை உள்ளது. அங்குத் தொல்லியலாளர்கள் ஆயிரக்கணக்கான எலும்புத் துண்டுகளை அகழ்ந்தெடுத்துள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை மிகச் சிறியவை. கழுதைப்புலி போன்ற விலங்குகள் கடித்து நொறுக்கியவை. ஒரு துண்டு மானுடையதா, குதிரையுடையதா, மனிதனுடையதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஒவ்வொன்றையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குச் செலவும் காலமும் மிகுதி.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்ற சமந்தா பிரவுனும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் வேறு வழியை நாடினர். எலும்பில் கொலாஜன் என்னும் புரதம் உண்டு. அது மரபணுவைவிட நெடுங்காலம் நிலைத்திருக்கக்கூடியது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. விலங்குக்கு விலங்கு அச்சங்கிலியில் சில கண்ணிகள் மாறும். கண்ணி மாறினால் நிறையும் மாறும். கிளைசீன் இருந்த இடத்தில் அலனீன் வந்தால், அப்பகுதியின் நிறை 14 அலகு கூடிவிடும். இந்த வேறுபாட்டை அளக்கும் கருவிதான் நிறை நிறமாலைமானி.

முதலில், துண்டிலிருந்து சிறிதளவு எலும்பை அறுத்தெடுத்துக் கொலாஜனைப் பிரித்தனர். பின்னர், டிரிப்சின் என்னும் நொதியைச் சேர்த்தனர். நம் செரிமானத்திலும் பங்காற்றும் இந்நொதி, புரதச் சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டாது. குறிப்பிட்ட இரண்டு அமினோ அமிலங்களை அடுத்தே வெட்டும். ஆகவே, ஒரே புரதம் எப்போதும் ஒரே வகைத் துணுக்குகளைத் தரும். அத்துணுக்குகள்மீது லேசர் ஒளி பாய்ந்ததும், அவை மின்னூட்டம் பெற்று வெற்றிடக் குழாயில் பறக்கின்றன. இலேசானவை முந்தும்; கனமானவை பிந்தும். பறந்த நேரத்தைக் கொண்டு கணினி நிறையைக் கணக்கிடுகிறது. இதனால் கிடைக்கும் வரைபடம் கைரேகை போன்றது. அதை, அறிந்த விலங்குகளின் வரைபடங்களோடு ஒப்பிட்டால் எலும்புக்குரிய இனம் தெரியும்.

முன்பெல்லாம் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் இத்தகைய சோதனையில் சிதைந்துபோயின. அவற்றைச் சிதைக்காமல் பறக்கவிட வழி கண்டதற்காக ஜப்பானியப் பொறியாளர் கோய்ச்சி தனாக்காவும் அமெரிக்கரான ஜான் ஃபென்னும் 2002-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். தனாக்கா முனைவர் பட்டம் பெறாதவர்.

சோதித்த துண்டுகள் 2,000-க்கும் மேல். வரைபடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலங்குகளையே காட்டின. இத்தகைய வேலைக்குக் கூர்மதியைவிடப் பொறுமையே அதிகம் தேவை. இறுதியில், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு மட்டும் மனித இனத்தின் அடையாளத்தைக் காட்டியது.

எந்த மனித இனம் என்பதைக் கொலாஜனால் சொல்ல முடியவில்லை. இப்போது ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் மரபணுச் சோதனை போதுமானதாயிற்று. ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் அதனை மேற்கொண்டு, 2018-இல் முழு முடிவை வெளியிட்டனர். அந்த எலும்பு சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணுடையது. இறந்தபோது அவளுக்குக் குறைந்தது 13 வயது இருக்கும். அவளுடைய தாய் நியாண்டர்தால் இனத்தவர். தந்தை டெனிசோவா இனத்தவர்.