நீக்கிய ஏஜென்ட்டிடம் கட்டிய வாடகை செல்லுமா?

கேள்வி: ஓசூர் ஜூஜூவாடியில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வாடகை 9,500 ரூபாய், அட்வான்ஸ் 60,000. மாதாமாதம் 5-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய் அபராதம் என்று அக்ரிமென்ட்டில் இருக்கிறது. ஹவுஸ் ஓனர் பெங்களூரில் இருக்கிறார். வீட்டைக் காட்டியது, கர்நாடக முத்திரைத்தாளில் அக்ரிமென்ட் போட்டது, ஒன்பது மாதமாக வாடகை வாங்கியது எல்லாமே அத்திப்பள்ளியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஏஜென்ட்தான்.

2025 அக்டோபரில் ஆயுத பூஜை, விஜயதசமி, சனி, ஞாயிறு என்று ஊருக்குப் போகத் திட்டமிட்டிருந்தோம். “ஆபீஸ் லீவு, போறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க, மீதிக் காசை பையன்கிட்ட குடுங்க” என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் சொன்னார். செப்டம்பர் 30 மாலை 5,000 ரூபாயை அவர் எண்ணுக்கு ஜிபே செய்தேன். 4,500-ஐ அவர் அனுப்பிய பையன் கையில் கொடுத்தேன், ரசீது இல்லை. 6-ஆம் தேதி திரும்பி வந்தால் ஓனர் போன் செய்கிறார்: “அந்த ஏஜென்ட்டை செப்டம்பர் 25-லேயே நீக்கிவிட்டேன். எனக்குப் பணம் வரவில்லை. மறுபடி கட்டுங்கள், அபராதத்தோடு.” புதிதாக வந்த ஏஜென்ட் தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். கேட்டால் “கர்நாடக அக்ரிமென்ட், ஆனேக்கல் கோர்ட்டுக்குப் போ” என்கிறார். இரண்டு குழந்தைகளோடு குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: முதலில் தண்ணீர். வாடகைத் தகராறு யார் பக்கம் நியாயம் என்று முடிவாகும் முன்பே அந்தப் பூட்டு திறக்கப்பட வேண்டும். வாடகை பாக்கி இருந்தால்கூட தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனரோ அவருடைய ஏஜென்ட்டோ நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர் – குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதைத் தெளிவாகத் தடுக்கிறது. வாடகை ஆணையத்தில் மனு கொடுத்தால், முழு விசாரணைக்குக் காத்திராமல் வசதியைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு பெறலாம். வாடகை ஆணையம் என்பது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலர். ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பூட்டிய சுவிட்சைத் தேதி தெரியும்படி இன்றே படமெடுங்கள். பூட்டை நீங்களே உடைக்காதீர்கள். உடைத்தால் பேச்சு தண்ணீரிலிருந்து நகர்ந்து நீங்கள் செய்த சேதத்துக்குப் போய்விடும்.

ஆனேக்கல் பேச்சைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீடு எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வாடகைச் சட்டம்தான் அதற்கு. ஜூஜூவாடி ஓசூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. எல்லைச் சாவடிக்கு அந்தப் பக்கம் ஓனர் இருப்பதாலோ, முத்திரைத்தாளில் கர்நாடக அரசின் சின்னம் இருப்பதாலோ வீடு இடம் மாறிவிடாது. அதிகாரமே இல்லாத ஒரு நீதிமன்றத்துக்கு இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு அதிகாரம் கொடுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே ஹக்கம் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. எல்லையோரத்தில் இந்த மிரட்டலுக்கு அஞ்சி நியாயமான பணத்தை விட்டுக்கொடுத்தவர்கள் பலர். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அடுத்த அக்ரிமென்ட்டைத் தமிழ்நாட்டு முத்திரைத்தாளில் போடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். ஓனர் 25-ஆம் தேதி நீக்கினார், நீங்கள் 30-ஆம் தேதி கட்டினீர்கள். பணம் யார் தலையில்?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 208. ஏஜென்ட்டின் அதிகாரத்தை ரத்து செய்தால், அந்தச் செய்தி தெரியவரும்போதுதான் மூன்றாம் நபரைப் பொறுத்தவரை ரத்து நடைமுறைக்கு வருகிறது. அந்தப் பிரிவுக்கு விளக்கமாகச் சட்டமே தரும் ஒரு கதை உங்கள் கதையேதான். மதராஸில் இருக்கும் ஒருவர், பம்பாய் கிடங்கிலுள்ள தன் பருத்தியை விற்கும்படி ஏஜென்ட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, விற்க வேண்டாம் என்று இரண்டாவது கடிதம் எழுதுகிறார். அது கிடைத்த பிறகும் ஏஜென்ட் பருத்தியை விற்றுப் பணத்தோடு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. வாங்கியவர் கொடுத்த பணம் செல்லும் என்கிறது சட்டம். நஷ்டம் ஏஜென்ட்டை நம்பி அனுப்பியவருக்கு. மதராஸ் – பம்பாய் இருந்த இடத்தில் பெங்களூர் – ஜூஜூவாடியை வைத்துப் பாருங்கள்.

ஒன்பது மாதம் அந்த ஏஜென்ட் வாங்கிய வாடகையை ஓனர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். “இவரிடம் கட்டுங்கள்” என்ற வழியைத் திறந்துவிட்டவர் ஓனர். அதை மூடினால் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவரும் அவரே. அவர் சொன்னது அக்டோபர் 6-இல். ஆகவே செப்டம்பர் 30-ஆம் தேதி கொடுத்தது ஓனருக்குக் கொடுத்ததுதான். அந்தப் பணத்தைப் பழைய ஏஜென்ட்டிடம் வசூலிப்பதும் அவர் மீது நம்பிக்கை மோசடிப் புகார் கொடுப்பதும் ஓனரின் வேலை.

ஒரு பலவீனம் உண்டு, மறைக்க மாட்டேன். 5,000-க்கு வங்கிப் பதிவு இருக்கிறது. 4,500-க்கு இல்லை. ஆனால் “மீதிக் காசை பையன்கிட்ட குடுங்க” என்ற வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதே, அது பெரிய ஆதாரம். அதை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். இன்றே பழைய ஏஜென்ட்டுக்குச் சாதாரணமாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “அக்டோபர் வாடகைக்கு ஜிபேயில் 5,000, உங்கள் பையனிடம் 4,500 கொடுத்தேன், ரசீது அனுப்புங்கள்.” பதில் வந்தால் அதுவே ரசீது. கொடுத்ததைப் பார்த்த உங்கள் மனைவியோ பக்கத்து வீட்டுக்காரரோ இருந்தால் அவர்கள் சாட்சி. ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல் வங்கி முத்திரையோடு கணக்கு அறிக்கை வாங்கி வையுங்கள்.

அபராதம்? ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. 5-ஆம் தேதிக்கு முன்பே கட்டிவிட்டீர்கள். ஒருவேளை உண்மையிலேயே தாமதமாகியிருந்தாலும் நாளுக்கு 200 என்பது மாதத்துக்கு 6,000, அதாவது வாடகையில் 63 சதவீதம். ஒப்பந்தத்தில் எழுதிய அபராதம் உச்சவரம்பு மட்டுமே, நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு.

ஆனால் விடுமுறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கெடு நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கள்கிழமை கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அலுவலகமும் நீதிமன்றமும் மூடியிருந்தால் அடுத்த வேலை நாள் என்ற சலுகை சட்டப்படி செய்ய வேண்டிய காரியங்களுக்கு உரியது. தனியார் அக்ரிமென்ட்டில் அப்படி எழுதியிருந்தால்தான் உண்டு. வங்கி மூடியிருந்தது என்பதும் இனி எடுபடாது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் எல்லா நாளும் இயங்குகிறது, 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ்ஸும். இதே காரணம் ஓனரையும் ஏஜென்ட்டையும் கட்டும். ஆபீஸ் லீவு, அதனால் கணக்கில் ஏற்றத் தாமதமானது, அதற்கு நீ அபராதம் கட்டு என்று எந்த ஏஜென்ட்டும் கேட்க முடியாது.

அடுத்த மாத வாடகையை நிறுத்திவைக்காதீர்கள். கோபத்தில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும்” என்றும் சொல்கிறார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால், முதலில் சொன்ன வாடகைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி வீட்டைக் காலி செய்யக் கேட்க ஓனருக்குக் காரணம் கிடைத்துவிடும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழு பாக்கியையும் கட்டினால் தப்பிக்கலாம் என்றாலும், அந்த இடத்துக்குப் போவானேன்? ஓனரின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு, நேரடியாக அதில் போடுங்கள். வாங்க மறுத்தாலோ, யாரிடம் கட்டுவது என்ற குழப்பம் தீராவிட்டாலோ வாடகை ஆணையத்தில் செலுத்தலாம்.

புதிய ஏஜென்ட்டிடம் ஒரு காகிதம் கேளுங்கள். வாடகைச் சட்டம் இவரைச் சொத்து மேலாளர் என்கிறது. ஓனர் அவரை நியமித்ததற்கான சான்று, எந்தெந்த வேலைக்கு அதிகாரம், எத்தனை காலத்துக்கு என்பதையெல்லாம் குத்தகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும். அந்தக் காகிதம் வரும்வரை அவர் கையில் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

மேலே சொன்னதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி ஓனருக்கும் இரண்டு ஏஜென்ட்டுகளுக்கும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டதால், விரைவு அஞ்சலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது வாடகைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. உங்களுக்கு அது 28,500. பெங்களூர் வழக்கத்தை ஓசூருக்குக் கொண்டுவந்து 60,000 வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டதால் அதை இப்போது சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உண்மையான பாக்கியை மட்டும் கழித்துத் திருப்பித் தர வேண்டும்.

அக்ரிமென்ட் வாடகை ஆணையத்தில் பதிவாகவில்லை என்றால் அதை ஆதாரமாகக் காட்டுவதில் சிக்கல் வரும். பதினொரு மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இந்தச் சட்டத்தின் கீழ் உதவாது. ஓனர் சேர்ந்து வர மறுத்தால் உங்கள் தரப்பு விவரங்களை நீங்கள் தனியாகத் தாக்கல் செய்யுங்கள். இதே நிலையில் ஊராட்சி எல்லைக்குள் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அது நகர்ப்புறங்களுக்கானது. அவர்களுக்குச் சொத்து மாற்றுச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும் உண்டு. பிரிவு 208 அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12-இன்படி ஆலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கம்பெனி அடையாள அட்டையோடு ஓசூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.