கண்ணாடிக் கடைக்குள் ஓர் இயற்பியல் பாடம்

மூன்றாம் படிவ அறிவியலில் கண்ணின் அமைப்பையும் பார்வைக் குறைபாடுகளையும் படித்திருப்பீர்கள். நான்காம் படிவ இயற்பியலில் ஒளிவிலகலும் லென்ஸ் கணக்குகளும் வருகின்றன. "இதையெல்லாம் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்களுக்காகவே இந்த வாரப் பாடம். இவ்விரண்டு அத்தியாயங்களையும் நாள்தோறும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் பத்து பகாட்டிலும் இருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் உங்கள் முகத்துக்கு எதிரே அளவுகோலைப் பிடிப்பவர்தான் அவர்.

இரண்டு பெயர், இரண்டு வேலை

ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்டிஷியன் ஆகிய இரண்டு சொற்களையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கண்ணைச் சோதித்து, பார்வைக் குறையை அளந்து, எந்த லென்ஸ் வேண்டும் என்று முடிவு செய்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அந்த அளவுச் சீட்டின்படி லென்ஸைத் தயாரித்து, சட்டத்தில் பொருத்தி, உங்கள் மூக்குக்கும் காதுக்கும் ஏற்பச் சரிசெய்து தருபவர் ஆப்டிஷியன். நோய்க்கு மருந்து தருவதும் அறுவை செய்வதும் கண் மருத்துவரின் வேலை.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டம் இத்தொழிலை நெறிப்படுத்துகிறது. அதன்கீழ் அமைந்த மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிவு செய்து, தொழில் புரிவதற்கான சான்றிதழும் பெற்றவரே இந்த வேலையைச் செய்யலாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது சுவரில் அந்தச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சீட்டைப் படிக்கக் கற்போம்

பயிற்சியில் முதலில் கற்பது அளவுச் சீட்டைப் படிப்பது. வலது கண்ணுக்கு −3.00 என்று எழுதியிருந்தால், கழித்தல் குறி குழிலென்ஸைக் குறிக்கும். அது கிட்டப்பார்வைக்கு உரியது. கூட்டல் குறி என்றால் குவிலென்ஸ், தூரப்பார்வைக்கு உரியது. எண்ணின் அலகு டையாப்டர். குவியத் தூரத்தை மீட்டரில் எடுத்து, 1ஐ அதனால் வகுத்தால் டையாப்டர் கிடைக்கும். ஆகவே −3.00 லென்ஸின் குவியத் தூரம் 1/3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 33 செ.மீ.

சிலருடைய சீட்டில் −3.00க்குப் பக்கத்தில் −1.00 என்றும், அதை அடுத்து 180 என்றும் இருக்கும். கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் படலம் கார்னியா. அதன் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாவிட்டால் அஸ்டிக்மாட்டிசம் ஏற்படுகிறது. இரண்டாவது எண் அதைச் சரிசெய்யும் திறன். மூன்றாவது எண் அது எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பது. கோணம் தவறினால், எண் சரியாக இருந்தும் எழுத்து கலங்கும்.

2 மில்லிமீட்டர் என்ன செய்யும்?

சரியான எண்ணுள்ள லென்ஸை வாங்கி எந்தச் சட்டத்தில் வேண்டுமானாலும் மாட்டிவிடலாமா? முடியாது. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஓர் ஒளியியல் மையம் உண்டு. அதன் வழியே செல்லும் ஒளி வளையாமல் செல்லும். மையத்தை விட்டு விலகிப் போகப் போக லென்ஸ் ஒரு பட்டகம்போல ஒளியை வளைக்கும். ஆகவே ஒளியியல் மையம் கண்ணின் பாவைக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். இதற்காகத்தான் இரு பாவைகளுக்கும் இடையிலான தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மாணவியின் பாவைத் தூரம் 60 மி.மீ. இரு கண்ணுக்கும் −5.00 லென்ஸ். ஆனால் கடையில் மையங்கள் 64 மி.மீ. இடைவெளியில் பொருத்தப்பட்டுவிட்டன. ஒவ்வொரு கண்ணுக்கும் 2 மி.மீ., அதாவது 0.2 செ.மீ. பிழை.

பட்டகத் திறன் = பிழைத் தூரம் (செ.மீ.) × லென்ஸின் திறன் = 0.2 × 5 = 1 பட்டக டையாப்டர்.

1 பட்டக டையாப்டர் என்றால், 1 மீட்டர் தூரத்தில் ஒளி 1 செ.மீ. விலகுகிறது என்று பொருள். இரு கண்ணுக்கும் சேர்த்து 2 பட்டக டையாப்டர். குழிலென்ஸின் மையங்கள் இப்படி அதிகமாக விலகியிருந்தால், ஒரே உருவமாகப் பார்ப்பதற்குக் கண்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிய வேண்டியிருக்கும். உள்நோக்கிக் குவிவது கண்ணுக்குப் பழக்கம், விரிவது கடினம். எண் சரியாக இருந்தும் அந்த மாணவிக்குத் தலைவலி வரலாம். கண் களைத்துப் போகலாம். புத்தகத்தைத் திறந்தாலே தலை வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை வீட்டில் "படிக்கச் சோம்பல்" என்று திட்டுவார்கள். உண்மையான காரணம் 2 மில்லிமீட்டராக இருக்கலாம். புதுக் கண்ணாடி சில நாள்களுக்குப் பிறகும் பழகவில்லை என்றால் கழற்றிப் பையில் வைத்துவிடாதீர்கள். கடைக்கு எடுத்துச் சென்று மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

காண்டாக்ட் லென்ஸில் எண் ஏன் மாறுகிறது?

மூக்குக்கண்ணாடி கண்ணுக்கு 12 மி.மீ. முன்னால் நிற்கிறது என்று கொள்வோம். −5.00 லென்ஸின் குவியத் தூரம் 20 செ.மீ. தொலைவிலிருந்து வரும் ஒளி, லென்ஸுக்கு 20 செ.மீ. முன்னாலிருந்து வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். கார்னியாவிலிருந்து கணக்கிட்டால் அந்தப் புள்ளி 20 + 1.2 = 21.2 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. கார்னியாவின் மீதே வைக்கும் லென்ஸுக்கு இந்த 21.2 செ.மீ.தான் குவியத் தூரம் ஆக வேண்டும். 1 ÷ 0.212 = 4.72. ஆகவே அவருக்கு −5.00 அல்ல, −4.75 காண்டாக்ட் லென்ஸ் போதும்.

திறன் மட்டும் சரியாக இருந்தால் போதாது. லென்ஸின் உட்புற வளைவும் விட்டமும் அந்தக் கண்ணுக்குப் பொருந்த வேண்டும். கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்குத் தேவையான ஆக்சிஜனில் பெரும்பகுதி காற்றிலிருந்து கண்ணீர் வழியாகக் கிடைக்கிறது. லென்ஸ் இறுகிப் பிடித்தால் அடியில் கண்ணீர் ஓட்டம் குறையும். தளர்ந்தால் சிமிட்டும்போதெல்லாம் நகரும். இதை நுண்ணோக்கி போன்ற கருவியால் பார்த்துச் சரிசெய்வதும் இத்துறைப் பயிற்சியின் ஒரு பகுதி.

இன்று நாம் அணியும் மென்மையான காண்டாக்ட் லென்ஸுக்கு வழிவகுத்தவர் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. 1961இல் தம் வீட்டில், பிள்ளைகள் விளையாடும் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளைக் கொண்டு அமைத்த எந்திரத்தில் அவர் லென்ஸ்களை வார்த்தெடுத்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் அழகுக்காக வண்ண லென்ஸை இணையத்திலோ பாசார் மாலத்திலோ வாங்கி அணிவோர் உண்டு. ஒரே லென்ஸைத் தோழியர் மாற்றி மாற்றி அணிவதும் உண்டு. வேண்டவே வேண்டாம். எண் இல்லாத வண்ண லென்ஸும் கார்னியாவின் மீதுதான் உட்காருகிறது. குழாய் நீரில் கழுவினால் அகாந்தமீபா என்னும் ஒற்றைச்செல் உயிரி கண்ணுக்குள் போகலாம். அந்தத் தொற்று பார்வையையே பறிக்கக்கூடியது. தகுதி பெற்றவர் அளந்து தந்தால் மட்டுமே அணியுங்கள். லென்ஸ் அணிந்து நீந்தாதீர்கள்.

எங்கே படிக்கலாம்?

ஆப்டோமெட்ரி இளங்கலைப் படிப்பு 4 ஆண்டுகள். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புஞ்சாக் ஆலாம் வளாகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் குவாந்தான் வளாகம் ஆகியவற்றில் இது உண்டு. எஸ்.பி.எம். முடித்து எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழியாகப் போகலாம். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் சிங்கப்பூர் பாலிடெக்னிக்கிலும் நீ ஆன் பாலிடெக்னிக்கிலும் ஆப்டோமெட்ரி டிப்ளோமா இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை சங்கர நேத்ராலயாவோடு இணைந்த எலைட் ஆப்டோமெட்ரி பள்ளி 1985இல் தொடங்கியது.

எந்தக் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தாலும் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழை வைத்து மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிவு செய்ய முடியுமா?" பாலம் தாண்டிச் சென்று வேலை செய்ய விரும்பினால், சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கும் தனியாகப் பதிவு வேண்டும். பதிவு கிடைக்காத சான்றிதழ், பெற்றோரின் பணத்தையும் உங்கள் ஆண்டுகளையும் விழுங்கிவிடும். அந்தந்த ஆண்டின் நுழைவுத் தகுதிகளைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். கணிதம், இயற்பியல், உயிரியல் மூன்றையும் இப்போதிருந்தே விட்டுவிடாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரு மூக்குக்கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவின் செங்குத்து விளிம்பைப் பாருங்கள். கண்ணாடியை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். விளிம்பும் அதே திசையில் நகர்வதுபோல் தெரிந்தால் அது குழிலென்ஸ். எதிர்த்திசையில் நகர்ந்தால் குவிலென்ஸ். கண்ணாடியைச் சக்கரம்போல் சுழற்றும்போது விளிம்பு சாய்ந்து தெரிந்தால், அதில் அஸ்டிக்மாட்டிசத்துக்கான திறனும் உண்டு.

பயிற்சி

1. −2.50 லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவு?

2. −4.00 லென்ஸின் மையம் பாவையிலிருந்து 5 மி.மீ. விலகியுள்ளது. பட்டகத் திறன் என்ன?

3. 12 மி.மீ. தூரத்தில் +5.00 கண்ணாடி அணிபவருக்குக் காண்டாக்ட் லென்ஸின் திறன் கூடுமா, குறையுமா?

விடை: 1) 40 செ.மீ. 2) 2 பட்டக டையாப்டர். 3) கூடும். குவியப் புள்ளி கண்ணாடிக்கு 20 செ.மீ. பின்னால் உள்ளது, கார்னியாவிலிருந்து 18.8 செ.மீ. மட்டுமே. 1 ÷ 0.188 = 5.32. ஆகவே +5.25.